எதிர்வரிசையிலிருந்து தேன்மொழிக்கு

தேன்மொழி இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் தாப்பாவில், பேருந்து நிலையத்துக்கு எதிரே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அழைத்தவர் நஸீர். தேன்மொழியின் செயலாளர், முதல் தேர்தலிலிருந்தே அவரோடு இருந்தவர். "அண்ணே, வைபி போயிட்டாங்க. ஆப்பரேஷன் முடிஞ்சுது, கண்ணு முழிக்கல" என்றார்.

என் முகத்தைப் பார்த்த கடைக்காரர் என்ன விஷயம் என்று விசாரித்தார். "வைபி தேன்மொழி தவறிட்டாங்க" என்றேன். சட்டமன்ற உறுப்பினர் எவரானாலும் எங்கள் நாட்டில் அவர் வைபிதான். எங்கள் பேராக் மாநிலத்தில் வைபிகளுக்குப் பஞ்சமில்லை. கடைக்காரருக்கு உடனே ஆள் பிடிபடவில்லை. பக்கத்து மேசையில் கேமரன் மலைக்குப் பேருந்து ஓட்டும் ஒருவர் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் நிமிர்ந்தார். "அட்ரஸ் வைபியா? எங்க வீட்டுக்கு நம்பர் குடுத்தாங்களே, அவுங்களா? சின்ன வயசுதான்லா அவுங்களுக்கு!" என்று எழுந்து நின்றுவிட்டார். தேன்மொழியை அவர் நேரில் பார்த்ததே இல்லையாம். நின்றவர் உட்காரவும் இல்லை, சாப்பாட்டைத் தொடவும் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். அரசியலில் என் தலை நரைத்துவிட்டது. ஓர் அரசியல்வாதியின் சாவுக்கு, யாரும் சொல்லாமல், முன்பின் தெரியாத ஒருவர் எழுந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

அவரை அறிந்த உங்களில் சிலருக்கு, இந்த அஞ்சலியை நான் எழுதுவது வியப்பாக இருக்கலாம். நான் அவருடைய கட்சிக்காரன் இல்லை. முதல் தேர்தலில் அவரிடம் தோற்றவன். அடுத்த தேர்தலில் பக்கத்துத் தொகுதியில் நின்று வென்று, சட்டமன்றத்தில் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தவன். அவரைப் பற்றி அவருடைய கட்சிக்காரர்கள் நன்றாகவே எழுதுவார்கள். எதிரே இருந்து பார்த்தவனுக்குத் தெரிந்தது கொஞ்சம் வேறு. அதையும் யாராவது எழுதி வைக்க வேண்டும்.

ஈப்போவுக்குத் தெற்கே, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்கு நடுவே வெள்ளைப்பாலம் என்று ஓர் இடம் இருக்கிறது. ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். தோட்டம் கைமாறி, ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது பாதிப் பேர் வெளியேறினார்கள். போக்கிடம் இல்லாத மீதிப் பேர் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடுகளிலேயே தங்கிவிட்டார்கள். தேன்மொழி அங்கே பிறந்தவர். வெளியேறிய பாதியில் அவர் குடும்பமும் ஒன்று. ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனார்கள். அம்மா லெட்சுமி கையுறைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து மகளைக் கணினி படிக்க வைத்தார். மகள் கோலாலம்பூரில் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதிக் கைநிறையச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, என் தொகுதியில் எனக்கு எதிராக வேட்புமனு தாக்கல் செய்தார்.

நான் தொழிற்சங்கத்தில் வளர்ந்தவன். கணினிப் பெண் ஒருத்தி நமக்குப் போட்டியா என்று சிரித்தேன். தேர்தலுக்கு முந்தைய வாரம், கோயில் மண்டபத்தில் வேட்பாளர்களை ஒன்றாக உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். ஒலிவாங்கி என் கையில் இருந்தபோது அவர் பக்கம் திரும்பி, "தங்கச்சிக்குக் கித்தா மரம் சீவத் தெரியுமா?" என்று கேட்டேன். கித்தா என்றால் ரப்பர்; பால் எடுக்க மரப்பட்டையைச் சீவுவதைச் சொன்னேன். கூட்டம் சிரித்தது. அவர் கொஞ்சமும் கலங்கவில்லை.

"தெரியாது அண்ணே. எங்கம்மாவுக்குத் தெரியும். ஆனா அவுங்களும் இப்ப சீவுறது இல்ல, ஜெலாப்பாங் பேக்டரியில கையுறையில ஓட்ட இருக்கான்னு பாக்குறாங்க. இங்க இருக்கிற முக்காவாசிப் பேரு பேக்டரிக்குத்தான் போறீங்க. நீங்க மரத்தப் பத்திப் பேசுங்க அண்ணே, நான் இவுங்கள பத்திப் பேசுறேன்."

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. இந்த முறை என்னைப் பார்த்து. தேர்தலில் நான் தோற்றது வாக்குப் பெட்டியில் இல்லை, அந்த மண்டபத்தில்தான்.

முடிவு அறிவித்த பிறகு கைகுலுக்க வந்தார். வென்றவர்கள் கைகுலுக்கும்போது எதையாவது சொல்வார்கள். உங்கள் அனுபவம், உங்கள் சேவை என்று. இவர் சொன்னது வேறு. "அண்ணே, உங்க சர்வீஸ் சென்டர்ல முடியாம கெடக்குற வேலையெல்லாம் என்னென்னன்னு எனக்குச் சொல்லித் தரணும். ஜனங்க மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கக் கூடாது." தோற்ற வேட்பாளரிடம் இப்படி ஒரு கோரிக்கையை நான் கேள்விப்பட்டதே இல்லை. அடுத்த வாரம் என் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தார். யாருக்கு வீட்டில் தண்ணீர் வரவில்லை, யாருடைய பிள்ளைக்கு அடையாள அட்டை கிடைக்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நஸீர் மடிக்கணினியில் தட்டிக்கொண்டே இருந்தார். போகும்போது தேன்மொழி, "தோத்தவங்க கிட்டதான் அண்ணே பாதி வேலை இருக்கு" என்றார். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அவர் பதவிக்கு வந்த முதல் மழைக்காலத்தில் ஆறு பெருகி வெள்ளைப்பாலம் லயத்து வீடுகளுக்குள் புகுந்தது. மாநில அரசு நிவாரணம் அறிவித்தது; கைப்பேசிச் செயலி வழியாக மட்டுமே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் சாலைப் பெயர் என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. வெள்ளைப்பாலத்தில் சாலைக்கு ஏது பெயர்? ஒருவர் 'கோயில் பக்கம்' என்று போட்டார். ஒருவர் பழைய தோட்டத்தின் பெயரைப் போட்டார். ஒருவர் நிலத்தை வாங்கிய நிறுவனத்தின் பெயரைப் போட்டார். எல்லாருக்கும் ஒரே பதில் வந்தது: முகவரி கண்டறியப்படவில்லை. சேறு படிந்த மெத்தைகளை வாசலில் காயப்போட்டுக்கொண்டே ஜனங்கள் கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

இது பற்றி மாவட்ட அலுவலகத்தில் ஒரு கூட்டம் நடந்தது. தொழிற்சங்கம் சார்பில் நானும் போயிருந்தேன். "சிஸ்டத்தில் எந்தப் பிழையும் இல்லை வைபி. அவர்கள் சரியான முகவரியைக் கொடுத்தால் போதும்" என்றார் அதிகாரி. கெட்ட மனிதர் இல்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தேன்மொழி குரலை உயர்த்தாமல் மலாயில் கேட்டார்: "அவர்களுக்கு முகவரியே இல்லை. இல்லாததை எப்படிக் கொடுப்பார்கள்? சிஸ்டம் சரி, மனிதர்கள்தான் தப்பு என்றால், அந்த சிஸ்டத்தை நாம் யாருக்காகச் செய்தோம்?" அதிகாரி பேனாவை மூடி வைத்தார். அந்த நிவாரணத்தை மட்டும் எப்படியோ போராடி, ஆட்களை நேரில் அழைத்துப் போய் வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் அவரை உலுக்கிய சம்பவம் அதற்குப் பிறகு நடந்தது. வெள்ளைப்பாலத்தில் செல்வராணி என்று ஓர் அக்கா இருக்கிறார். ஒரு பிற்பகலில் அவர் கணவருக்கு நெஞ்சு வலி. மகள் ஆம்புலன்சை அழைத்தாள். எந்தச் சாலை என்று கேட்டார்கள். வெள்ளைப்பாலம் என்றாள். வரைபடத்தில் அப்படி ஓர் இடமே இல்லை. பழைய தோட்டப் பெயரைச் சொன்னாள். அது ஆற்றுக்கு அந்தப் பக்கம், நிறுவனத்தின் பூட்டிய வாயிற்கதவைக் காட்டியது. ஆம்புலன்ஸ் அங்கே போய் நின்றது, திரும்பியது, செம்பனைக் காட்டுக்குள் சுற்றியது. ஒருவழியாக வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இறுதிச் சடங்குக்குத் தேன்மொழி வந்தார், நானும் போயிருந்தேன். செல்வராணி அக்கா யாரையும் திட்டவில்லை. தேன்மொழியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் வந்தான் வைபி. வராம இல்ல. எங்க வாரதுன்னுதான் அவனுக்குத் தெரியல" என்றார்.

இந்த வரியைத் தேன்மொழி சட்டமன்றத்தில் சொன்னார், மலாயில் பெயர்த்து. ஆளுங்கட்சியின் பின்வரிசையில் இருந்துகொண்டு சொந்த அரசாங்கத்தைப் பார்த்தே சொன்னார். நான் அதை வானொலிச் செய்தியில் கேட்டேன். நானும் பல ஆண்டுகள் அந்த அவையில் இருந்தவன்தான். வெள்ளைப்பாலத்துக்குச் சாலை கேட்டிருக்கிறேன், விளக்குக் கம்பம் கேட்டிருக்கிறேன். ஒரு பெயரும் ஓர் எண்ணும் வேண்டும் என்று கேட்க எனக்குத் தோன்றியதில்லை.

இரண்டாம் முறையும் வென்றபோது அவரை மாநில அமைச்சரவையான ஆட்சிக்குழுவில் சேர்த்து இலக்கவியல் என்னும் டிஜிட்டல் துறையைக் கொடுத்தார்கள். மாநிலத்தின் மிக இளைய ஆட்சிக்குழு உறுப்பினர்களில் ஒருவர், அதிலும் தோட்டத்தில் பிறந்த பெண். பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் படம் போட்டன. நிறுவனங்கள் வரிசை கட்டி வந்தன. ஒருவர் ஈப்போ முழுக்கக் கேமரா வைக்கலாம் என்றார். ஒருவர் பேசும் இயந்திரத்தை அரசு அலுவலக முகப்பில் உட்கார வைக்கலாம் என்றார். நஸீர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. பெரிய திரையில் பேராக் வரைபடத்தைக் காட்டி, மாநிலத்தின் ஒவ்வொரு அங்குலமும் எங்கள் கையில் என்று பேசிக்கொண்டிருந்தார் ஒரு விற்பனையாளர். தேன்மொழி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெள்ளைப்பாலம் எங்க இருக்குன்னு காட்டுங்க" என்றாராம். அவர் பெரிதாக்கினார், சிறிதாக்கினார், பச்சையாக ஒரு திட்டுதான் தெரிந்தது. "அந்தப் பச்சைக்குள்ளதான் நான் பொறந்தேன். அத முதல்ல பாத்துருவோம்" என்று கூட்டத்தை முடித்துவிட்டாராம்.

அவர் கட்சியிலேயே கேலி பேசினார்கள். டிஜிட்டல் என்று துறையைக் கொடுத்தால் வீட்டுக்கு நம்பர் ஒட்டப் போகிறார் என்றார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. வார இறுதிகளில் காரை எடுத்துக்கொண்டு மாநிலம் முழுக்கச் சுற்றினார். வடக்கே பாரிட் புந்தாரில் வயல் நடுவே வீடு கட்டியிருக்கும் மலாய் விவசாயிகளுக்கும் இதே கதிதான் என்று கண்டுபிடித்தார். ஆற்றோரம் காய்கறி போடும் சீனக் குடும்பங்களுக்கும் அப்படியே. தபால்காரர் வீட்டுக்கு வர மாட்டார், கடிதம் ஏதோ ஒரு மளிகைக் கடையில் கிடக்கும். இதைப் பற்றி ஒருமுறை அவையின் சிற்றுண்டிச் சாலையில் அவரிடம் கேட்டேன்: "நம்ம தோட்டத்து ஜனங்களுக்குன்னு கேட்டா சீக்கிரம் குடுத்துருப்பாங்களே, எதுக்கு இவ்வளவு சுத்துறீங்க?" அவர் சொன்ன பதிலை அதற்குப் பிறகு பல மேடைகளில் நான் சொல்லியிருக்கிறேன். "நம்ம ஆளுங்க பிரச்சினைன்னு சொன்னா அது மனு அண்ணே. எல்லாரு பிரச்சினைன்னு சொன்னாத்தான் சட்டம்."

சட்ட முன்வரைவு அவைக்கு வந்தது. நிலம் யாருடையதானாலும் சரி, மாநிலத்தில் மனிதர்கள் குடியிருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண், ஒரு சாலைப் பெயர், வரைபடத்தில் ஒரு புள்ளி. இதுதான் சாரம். நில முதலாளிகள் கொதித்தார்கள். முகவரி கொடுத்தால் நாளைக்கு நிலத்தையே கேட்பார்கள் என்றார்கள். அது எதிர்பார்த்ததுதான். நான் எழுந்தபோது, எதிர்வரிசைக்காரன் வழக்கம்போல் கத்தப் போகிறான் என்று ஆளுங்கட்சியினர் தயாரானார்கள். நான் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். யார் யார் எந்த நிலத்தில் குடியிருக்கிறார்கள் என்று அரசாங்கமே கணினியில் ஏற்றி வைத்துவிட்டால், நாளைக்கு அந்த வீடுகளை இடிக்க வருகிறவனுக்கு அதுவே வழிகாட்டி ஆகாதா?

தேன்மொழி எழுந்தார். "நல்ல கேள்வி. பதில் என்னிடம் இல்லை" என்றார். பிறகு அவைத்தலைவர் பக்கம் திரும்பி, வாக்கெடுப்பை ஒத்திவைக்கும்படி கேட்டுக்கொண்டார்.

அவருடைய கட்சி வரிசையில் எழுந்த முணுமுணுப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. கையில் பெரும்பான்மை இருந்தது. என் கேள்விக்கு ஏதாவது பூசி மெழுகிவிட்டு அன்றைக்கே நிறைவேற்றியிருக்கலாம். எதிர்க்கட்சியிடம் மண்டியிட்டுவிட்டார் என்று அவர் ஆட்களே பேசினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நஸீரையும் கூட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "கேள்வி உங்களோடது அண்ணே. பதிலையும் சேர்ந்து எழுதுவோம்."

என் மனைவி சாரதா பசியாறத் தோசை சுட்டுப் போட்டுக்கொண்டே இருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே இருந்தோம். இந்த முகவரிப் பதிவை எந்த வெளியேற்ற வழக்கிலும் சான்றாகக் கொண்டுவரக் கூடாது, மருத்துவம், தீயணைப்பு, தபால், அரசு உதவி ஆகியவற்றுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஒரு பிரிவு எழுதினோம். அவர் ஒரு சொல் போடுவார், நான் அதில் ஓட்டை கண்டுபிடிப்பேன். நான் ஒரு சொல் போடுவேன், அவர் அடிப்பார். ஒரு கட்டத்தில் சாரதா, "ஒரே கட்சியில இருந்தாக்கூட இப்படிச் சண்ட போட மாட்டீங்க போல" என்றாள். தேன்மொழி வாய்விட்டுச் சிரித்தார். "ஒரே கட்சியில இருந்தா இவரு வாயத் தொறந்துருக்கவே மாட்டாரு அக்கா!" அது உண்மை.

அடுத்த கூட்டத்தொடரில் முன்வரைவு திருத்தத்தோடு வந்தது. எங்கள் கட்சித் தலைமை எதிர்த்து வாக்களிக்கச் சொன்னது. காலையில் நடந்த எங்கள் கூட்டத்தில், "ஆளுங்கட்சிக்கு நாம எதுக்குப் பேரு வாங்கிக் குடுக்கணும்?" என்று கேட்டார்கள். "பேரு அவுங்களுக்குப் போவட்டும். நம்பரு நம்ம ஜனங்களுக்கு வரட்டும்" என்றேன். கடைசியில் ஆதரிப்பது என்று முடிவானது. அவையில் ஆதரிப்போர் என்று கேட்டபோது இரண்டு பக்கமும் குரல் எழுந்தது. எதிர்ப்போர் என்று கேட்டபோது ஒரு குரலும் இல்லை. மேலே பார்வையாளர் மாடத்தில் வெள்ளைப்பாலத்துப் பெண்கள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த அமைதியில் செல்வராணி அக்காவின் குரல் கணீரென்று கேட்டது: "என்னா நஸீரு, முடிஞ்சிருச்சா?" "முடிஞ்சிருச்சுக்கா! ஜெயிச்சிட்டோம்!" என்று நஸீர் கத்திவிட்டார். மாடத்தில் கத்துவது குற்றம். அவைத்தலைவர் சிரித்தபடி காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். தேன்மொழி முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். விரல்களுக்கு நடுவே அவர் சிரிப்பது தெரிந்தது.

சாலைகளுக்குப் பெயரை ஜனங்களே வைக்க வேண்டும் என்பது சட்டத்தில் அவர் சேர்த்த இன்னொரு பிரிவு. வெள்ளைப்பாலத்தில் பெயர் வைக்கும் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தார். ஒருவர் தம் கட்சித் தலைவர் பெயரைச் சொன்னார், கூச்சல் கிளம்பியது. ஒருவர் 'தேன்மொழி சாலை' என்றார். "உசிரோட இருக்கிறவ பேரெல்லாம் வேணாம், நாளைக்கு நான் தப்பு பண்ணிட்டா போர்ட மாத்தணும்" என்று அவர் மறுத்துவிட்டார். அப்போது லெட்சுமி அம்மா எழுந்தார். மகளுடைய கூட்டங்களில் வாயே திறக்காதவர். "இந்தச் சந்துலதான் ஆயாக்கொட்டாய் இருந்துச்சு. நாங்கெல்லாம் புள்ளைய அங்க ஆயாகிட்ட விட்டுட்டுத்தான் மரம் சீவப் போவோம். இவளையும் அங்கதான் விட்டேன். அந்தப் பேரே இருக்கட்டுமே." பெண்கள் அத்தனை பேரும் கைதட்டினார்கள். பதிவு செய்ய வந்திருந்த மலாய் அதிகாரி அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டத் திணறினார். கூட்டமே சேர்ந்து அவருக்கு உச்சரிக்கக் கற்றுக் கொடுத்தது. ஜாலான் ஆயாக்கொட்டாய், அதாவது ஆயாக்கொட்டாய்ச் சாலை. இன்று போய்ப் பாருங்கள், பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் நிற்கிறது. வரைபடத்தில் தட்டினால் வருகிறது.

அதன் பிறகு வந்த மாதங்களில், ஒருநாள் அவைக்கு வெளியே தாழ்வாரத்தில் நானும் அவரும் ஏதோ ஒரு விஷயத்துக்காகக் கடுமையாக வாதாடிக்கொண்டிருந்தோம். அவர் கைப்பேசி அடித்தது. செல்வராணி அக்கா. எடுத்த உடனே அங்கிருந்து வந்த குரல் எனக்கே கேட்டது. "வைபி, வந்துட்டான்லா! நேரா வாசலுக்கே வந்துட்டான்!" மகளுக்குப் பிரசவ வலி, குழந்தை அவசரப்பட்டுவிட்டது. எண்ணையும் சாலையையும் சொன்னார்கள், ஆம்புலன்ஸ் தடம் மாறாமல் வந்து நின்றது. தாயும் பிள்ளையும் நலம். தேன்மொழி கைப்பேசியை என் காதில் வைத்தார். "நீங்களும் கேளுங்க அண்ணே, கேளுங்க!" அக்கா அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் எதைப் பற்றி வாதாடினோம் என்பது இன்றுவரை எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அந்த மகிழ்ச்சியிலேயே அவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. உதடு வெளுத்திருந்தது. நான் பதறிப்போனேன். அப்போதுதான் சொன்னார். சின்ன வயதில், தோட்டத்தில் இருந்தபோது, தொண்டை வலியோடு ஒரு காய்ச்சல் வந்தது. சரியாக வைத்தியம் பார்க்காததால் இதய வால்வு கெட்டுவிட்டது. படிக்கும்போது ஒருமுறை அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும் என்று மருத்துவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். "எதுக்கு யாருகிட்டயும் சொல்லல?" என்று கோபப்பட்டேன். "சொன்னா எல்லாரும் பாவம்னு ஓட்டுப் போடுவாங்க. நீங்க கேள்வி கேக்க மாட்டீங்க" என்றார்.

அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் மாலை ஈப்போவில் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தேன். பாரிட் புந்தாரிலிருந்து யாரோ கொண்டுவந்த பழக்கூடை படுக்கையருகே இருந்தது. மற்ற மாநிலங்களிலிருந்து அதிகாரிகள் வந்து அவருடைய சட்டத்தைப் படித்துப் போகிறார்கள் என்று நஸீர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தேன்மொழி அதைக் காதில் வாங்கவில்லை. "அண்ணே, நான் திரும்பி வர நாளாகும். என் எடத்துல யாரு வந்தாலும் மொதல் நாளே கைதட்டிராதீங்க. கேள்வி கேளுங்க. கைதட்ட எங்க பக்கத்துல நெறைய ஆளு இருக்கு" என்றார். சரி என்றேன். தைரியமாக இருங்கள் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நான் தைரியமாத்தான் இருக்கேன், நீங்கதான் பயப்படுறீங்க" என்று சிரித்தார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

ஜெலாப்பாங்கிலிருந்து அவர் கடைசியாகப் புறப்பட்ட அந்தக் காலையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மாநில முதல்வரான மந்திரி பெசார் வந்தார், எல்லாக் கட்சித் தலைவர்களும் வந்தார்கள், அதெல்லாம் முறை. யாரும் அழைக்காமல் வந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாப்பாடும் பொட்டலமும் வீடு வீடாகக் கொண்டுபோகும் இளைஞர்கள் மோட்டார் சைக்கிள்களில் வந்திருந்தார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் கலந்து. செம்பனைக் காட்டுக்குள் வீடு தேடி அலைந்து அலுத்தவர்கள் அவர்கள். அந்த அலைச்சலை ஒழித்தவர் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சாலையின் இரு பக்கமும் நின்றார்கள். ஊர்வலம் கிளம்பியதும் அவர்களே முன்னால் போய் ஒவ்வொரு சந்திப்பிலும் வாகனங்களை நிறுத்தி வழிவிட்டார்கள். லெட்சுமி அம்மா என்னைப் பார்த்ததும், "வந்துட்டியாப்பா" என்றார். "எம்மவ சும்மா போவல பாத்தியா. எத்தன பேரு வந்துருக்காங்க பாரு." அழுகையும் கர்வமும் அந்தக் குரலில் சேர்ந்தே இருந்தன.

அவருடைய துறைக்கு இப்போது புதியவர் ஒருவர் வந்திருக்கிறார். இளைஞர், கெட்டிக்காரர். மாவட்ட அலுவலகங்களில் ஜனங்கள் நேரில் வந்து மனுக் கொடுக்கும் முகப்புகளைப் படிப்படியாக மூடிவிட்டு எல்லாவற்றையும் கைப்பேசிக்கு மாற்றப் போவதாகப் போன கூட்டத்தொடரில் அறிவித்தார். மேசைகள் தட்டப்பட்டன. எங்கள் பக்கத்திலும் சிலர் தட்டினார்கள். நான் எழுந்தேன். கைப்பேசி இல்லாதவர், கண் தெரியாதவர், எழுத்துக் கூட்டத் தெரியாதவர் நாளைக்கு எந்தக் கதவைத் தட்டுவார் என்று கேட்டேன். அவருக்கு முகம் சிவந்தது. கையில் இருந்த குறிப்புகளைப் புரட்டினார். பிறகு குறிப்புகளை மூடிவிட்டு, பதில் கிடைக்கும்வரை ஒரு முகப்பும் மூடப்படாது என்றார். இன்று காலைவரை ஒன்றும் மூடப்படவில்லை.

தேன்மொழியிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது ஒன்றுதான். அவரைச் சந்திக்கும்வரை எதிர்வரிசையை நான், தோற்ற கட்சிக்காரன் அடுத்த தேர்தலுக்காகக் காத்திருக்கும் இடம் என்றே நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. ஆளுகிறவர்கள் ஒரு நல்ல சட்டம் செய்ய வேண்டுமானால், எதிரே ஒருவன் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தொடருக்கும் கேள்விகள் தயாராக இருக்கின்றன, தங்கச்சி.